தறிக்குழி அயர்ச்சியும் டப்பா மருந்தும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்த நெசவாளர் தெருக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நிறுத்திய ஒவ்வொரு மணிக்கும் கூலி போகிறது என்பது நமக்குத் தெரியும். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நம் தெருக்களில் ஒரு டப்பா புழங்குகிறது. செல்போனில் விளம்பரம், வீட்டுக்கே பார்சல். “காலையில் எழுந்திருக்க முடியவில்லையா? உடம்பெல்லாம் அயர்ச்சியா? உங்களுக்குக் கார்ட்டிசால் குறைந்துவிட்டது. எங்கள் மூலிகைப் பொடியை மூன்று மாதம் சாப்பிடுங்கள்” என்கிறான். ஒரு தோழர் அந்த டப்பாவைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார். அரிசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் வாங்கியது. வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் பாய் விரித்து லேகியம் விற்றவனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனாவது நம் கண்முன் நின்று விற்றான். மறு வருஷம் வந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இவனுக்கு முகமே கிடையாது.

கார்ட்டிசால் என்பது என்ன? நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல் ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரீனல் என்று பெயர். அது ரத்தத்தில் விடுகிற சரக்குகளில் ஒன்றுதான் கார்ட்டிசால். விடியற்காலையில் அதிகமாகச் சுரந்து நம்மை எழுப்பும்; இரவில் அடங்கும். காய்ச்சலோ காயமோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். இது நிஜமாகவே குறைந்து போகிற வியாதி உண்டு. 1855-ல் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் அதை விவரித்து எழுதினார். அவர் பெயரே அந்த வியாதிக்கு நிலைத்துவிட்டது. அது அபூர்வமான வியாதி, ஆனால் கொல்லக்கூடியது. பசி போகும், உடம்பு இளைக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பின் மேல் ஆசை வரும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். டாக்டர் சந்தேகப்பட்டால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்வார். மருந்தும் இருக்கிறது. குறைந்துபோன அந்தப் பொருளையே மாத்திரையாக நாள்தோறும் சாப்பிட வேண்டும். அந்தச் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த மூவருக்கு 1950-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இந்த வியாதி இருந்தது. ஊருக்கு மறைத்தார், ஆனால் கார்ட்டிசோனை மறக்காமல் எடுத்துக்கொண்டார். வெள்ளை மாளிகையில் யாரும் டப்பாப் பொடியை நம்பவில்லை!

டப்பாக்காரன் சொல்வது இந்த வியாதியை அல்ல. ‘அட்ரீனல் களைப்பு’ என்று புதுப் பெயர் ஒன்றைச் சொல்கிறான். 1998-ல் அமெரிக்காவில் ஒருவர் சூட்டிய பெயர் அது. 2016-ல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 58 ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படி ஒரு வியாதி இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். இல்லாத வியாதிக்கு மருந்து விற்பதில் ஒரு சௌகரியம் உண்டு: குணமாகவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அந்த டப்பாவில் முதலில் போட்டிருக்கும் சரக்கு அசுவகந்தா, அதாவது நம் அமுக்கராக் கிழங்கு. 2012-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 64 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு அமுக்கராச் சத்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அமுக்கரா சாப்பிட்டவர்களுக்குக் கார்ட்டிசால் குறைந்தது! மனக்கவலையால் கார்ட்டிசால் ஏறியவனுக்கு அது ஒருவேளை உதவலாம். குறைந்தவனுக்குக் கொடுத்தால்? பள்ளத்தில் கிடப்பவனுக்கு ஏணி கேட்டால் மண்வெட்டியைக் கொடுத்த கதை. அடுத்த சரக்கு அதிமதுரம். அது கார்ட்டிசாலின் வேலையைக் கொஞ்சம் நீட்டிக்கும் என்பது உண்மை. ஆனால் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பிலுள்ள பொட்டாசியம் குறையும், இருதயத் துடிப்பே தடுமாறும். ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்?

சித்த வைத்தியத்தை நாம் இழித்துப் பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமுக்கராச் சூரணம் நம் முன்னோர் அறிந்த மருந்து. பாளையங்கோட்டையில் 1964 முதல் சர்க்கார் சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்த வைத்தியர் நாடி பார்ப்பார், அளவு சொல்வார், கர்ப்பிணிக்கு வேண்டாம் என்பார். அமுக்கராவால் சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது; அதையும் அவர் கவனிப்பார். பார்சலில் வருகிற டப்பா எதைக் கவனிக்கும்?

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மூலிகை என்று பெயர் போட்டு, உள்ளே ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பல சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறக்கும், பசி எடுக்கும், “அடடா, என்ன மருந்து!” என்று தெருவெல்லாம் பேச்சாகிவிடும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். பிறகு பணமில்லை என்று திடீரென நிறுத்தினால் அப்போதுதான் உண்மையாகவே கார்ட்டிசால் இல்லாமல் போகும்; வாந்தி, மயக்கம், உயிருக்கே அபாயம். அப்படி ஏதாவது பொடியை நெடுநாள் சாப்பிட்டு வருகிறவர் இங்கே இருந்தால், தாமாக நிறுத்த வேண்டாம். டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவன் விற்றவன்.

அப்படியானால் நம் அயர்ச்சி பொய்யா? இல்லை தோழர்களே, அயர்ச்சி நிஜம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூல் சுற்றுகிற தாய்மார்களே, நாற்று நடுகிற தாய்மார்களே, உங்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு! அதற்கு வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சர்க்கரை வியாதி அயர்ச்சி தரும், தைராய்டுக் குறை தரும். காசநோயும் தரும், உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அந்தக் காசநோயே அட்ரீனல் சுரப்பியைத் தின்று அடிசன் வியாதியைக் கொண்டுவருவதும் உண்டு. பொடியை நம்பி மூன்று மாதம் கடத்துகிறவன் அந்த மூன்று மாதமும் வீட்டுக் குழந்தைகள் மீது இருமிக்கொண்டிருக்கலாம். சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறோம். ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தும், மறு பிரிவை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார். 1959-ல் அந்த முடிவு வெளியாகி உலகத்துக்கே வழிகாட்டியது. விஞ்ஞானம் ஏழையின் வாசலுக்கு வந்தால் இப்படித்தான் வரும்.

வியாதி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் அயர்ச்சி போகவில்லையே என்பீர்கள். குழித்தறியில் காலை இறக்கினால் எப்போது எடுக்கிறோம்? மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, கோர்வைப் புடவையென்றால் கரைக்கு ஓர் ஆள் கூட உட்கார்ந்து, ஒரு புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள். முகூர்த்த மாதம் வந்தால் இரவும் பகலும் ஒன்று. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறித் தறி நின்றால் கூலி பூஜ்யம். தொழிற்சாலைச் சட்டம் வீட்டுத் தறிக்குள் நுழைவதில்லை. நம் மணிக்கணக்கை எழுதி வைப்பார் யாருமில்லை. ராத்திரி ஷிப்டு மில் தொழிலாளிக்கோ தூங்க வேண்டிய நேரத்தில் விழிப்பு, விழிக்க வேண்டிய நேரத்தில் தூக்கம். உடம்பின் கடிகாரமே கலைகிறது.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் தையல்காரப் பெண் மேரி ஆன் வாக்லியின் கதை வருகிறது. 20 வயது. 1863 ஜூன் மாதம், அரச வீட்டு விருந்துக்கு வருகிற சீமாட்டிகளின் உடுப்புக்காகத் தொடர்ந்து இருபத்தாறரை மணி நேரம் தைத்தாள், படுத்தாள், செத்தாள். அந்த மாதிரித் தையற்கூடங்களில் பெண்கள் துவண்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கொஞ்சம் ஒயினோ காப்பியோ கொடுத்து மறுபடி உட்கார வைப்பார்கள். அது அந்தக் காலத்து லண்டன் என்று தள்ளிவிடாதீர்கள். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் நம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்குப் பெயரே ஒட்டாத மாத்திரைகளைத் தொழிற்கூடத்திலேயே கொடுத்து வேலை வாங்கினார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஒயினோ மாத்திரையோ, முதலாளி கொடுத்தான். பொடியை நாமே காசு கொடுத்து வாங்கி, நாமே விழுங்கி, நாமே மறுபடி குழியில் இறங்குகிறோம்!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவித்தார்கள். அன்று அயர்ச்சிக்குக் கண்ட மருந்து அது. வீட்டுத் தறிக்கும் அப்படி ஒரு மருந்து வேண்டும்: அவசரமில்லாமல் நெய்தாலும் அடுப்பு எரிகிற கூலி, மழைக்காலத்துக்கு நிவாரணம்.

பிரமாத வாக்குறுதி கொடுக்கும் மருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய கம்பெனியான பதஞ்சலியே 2024-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்த பின் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. நம் தெருவுக்கு வருகிற முகமில்லாத டப்பாவின் மீதும் புகார் கொடுக்கலாம். டப்பா, பில், விளம்பரம் மூன்றையும் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் கொடுங்கள்.

மனு தயாராக இருக்கிறது. நெசவாளர் தெருக்களில் மாதம் ஒரு நாள், தறி நின்ற பிறகு மாலை நேரத்தில், ரத்தசோகை, சர்க்கரை, பிரஷர், சளிச் சோதனை செய்ய வேண்டும். டப்பாக்களைச் சர்க்கார் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை ஒன்பது மணிக்கு இதே இடத்தில் கூடிப் போகிறோம். கையெழுத்துத் தாள் பின் வரிசையிலிருந்து வருகிறது. தாய்மார்கள் முதலில் போடட்டும்.