எடை முதலில், மதிப்பெண் பிறகு



பாயான் பாருவில் வசிப்பவர்களுக்குப் பினாங்குப் பாலம் அன்றாடம் பார்க்கும் காட்சி. 1985 செப்டம்பர் 14ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். ஆனால் இன்று நாடு காணும் உருவம் முதலில் எண்ணிய உருவமல்ல. முதலில் பேசப்பட்டது வளைவுப் பாலம். 1981ஆம் ஆண்டில், டத்தோ ச. சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது, நிலநடுக்கத்தை எதிர்கொள்ளும் முறையும் மாறி, கம்பிவடங்கள் தாங்கும் கான்கிரீட் பாலம் என்று அறிவிக்கப்பட்டது.

தாளில் இருக்கும் வரை வடிவத்தை மாற்ற அழிப்பான் போதும். தூண் கடலில் இறங்கிவிட்டால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ஆகவேதான் பொறியியலாளர்கள் ஆரம்பத்திலேயே பல யோசனைகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

எப்படி? விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாலத்துக்கு 'அ', 'ஆ' என இரண்டு யோசனைகள். பாதுகாப்புக்கு எடை 50, செலவுக்கு 30, கட்டும் காலத்துக்கு 20. ஒவ்வொன்றுக்கும் 5க்கு மதிப்பெண். 'அ' பெறுவது 3, 5, 4. 'ஆ' பெறுவது 5, 3, 3. எடையால் பெருக்கிக் கூட்டினால் 'அ' 380, 'ஆ' 400. 'ஆ' வென்றது.

இப்போது பாதுகாப்பிலிருந்து 10 எடையை எடுத்துச் செலவுக்குக் கொடுத்துப் பாருங்கள். 'அ' 400, 'ஆ' 380! மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. வெற்றி மட்டும் மாறிவிட்டது. மேலதிகாரிக்குப் பிடித்த யோசனையைக் கணக்கின் பெயரால் ஜெயிக்க வைக்கும் வழியும் இதுதான்.

இதைத் தடுக்க மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். முதலாவது, யோசனைகளைப் பார்க்கும் முன்பே எடையை முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, பாதுகாப்புக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று வேண்டும். அதை எட்டாத யோசனை எவ்வளவு மலிவானாலும் வெளியே. உயிருக்கு ஈடாகச் சேமிப்பைக் கூட்டிக் காட்ட முடியாது. மூன்றாவது, எடையைச் சற்று அசைத்ததும் முடிவு கவிழ்ந்தால், இன்னும் ஆராய வேண்டும் என்று பொருள்.

பிரிட்டிஷ் வடிவமைப்புப் பேராசிரியர் ஸ்டூவர்ட் பியூ ஆரம்பக் கட்டத்தில் எண்களையே தவிர்த்தார். ஒரு யோசனையை அளவுகோலாக வைத்து, மற்றவை அதைவிட மேல், கீழ், சமம் என்று குறிப்பது அவர் முறை. நோக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்ல. ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் நிரப்பிப் புதிய யோசனை பிறக்கச் செய்வதும்தான்.

1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகள் பலர் பொறியியலாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் மதிப்பெண் அட்டவணை மேசைக்கு வரும்போது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த எடையை யார், எப்போது போட்டார்கள்?"

கேட்கத் தயங்கினால், பதிலைப் பாலத்தின் மேல் போகிறவர்கள் தேட வேண்டியிருக்கும்.