ஒலிப்பதிவுக் கூடத்தில் தமிழ்க் குரல்



மத்திய அரசின் அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எங்களுக்கு, ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ வந்த அறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தமிழ் வாசிப்பவர் எளிதில் கிடைக்காத ஊர்களில், எழுதியதைப் படித்துப் பதிவு செய்து தரும் பொறுப்பும் பல வேளைகளில் எங்களையே சார்கிறது. கலைப்பட்டம் பெற்றவர்களுக்கு டெசிபெல்லும் ஹெர்ட்ஸும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இஞ்சினீயர் தம் தொழிலில் தேர்ந்தவர்தாம். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எது இரைச்சல், எது மொழி என்று பிரித்துச் சொல்ல அந்தக் கூடத்தில் எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். வட மாநிலத் தலைநகர் ஒன்றில், பெயர் இங்கு வேண்டுவதில்லை, காசநோய் மருந்தைப் பற்றிய அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்தோம். ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்க வந்துள்ள தமிழ்க் குடும்பங்களுக்கானது அது. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டியிருக்கிறது. இரண்டொரு மாதத்தில் இருமல் தணிந்து உடல் தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நோய் மீண்டும் தலையெடுக்கிறது, அதே மருந்துக்கு அடங்காமலும் போகிறது. ஆகவே, டாக்டர் சொல்லும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம் என்பதே அறிவிப்பின் உயிர்நிலை. இரைச்சல் நீக்கப்பட்ட பதிவைக் கேட்டபோது, குரல் ‘நிறுத்த வேண்ட்’ என்ற அளவில் நின்றுவிட்டது. ‘வேண்டாம்’ என்றும் கொள்ளலாம். ‘வேண்டும்’ என்றும் கொள்ளலாம். நாள்தோறும் மாத்திரை விழுங்கிச் சலித்த ஒருவர் எதனைக் கொள்வார் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இஞ்சினீயரிடம் கூறினோம். “பதிவு பளிங்குபோல் இருக்கிறதே!” என்று வியந்தார். அவர் கூறியதும் மெய்யே. சொற்களுக்கு நடுவே ஒரு சிறு சலசலப்பும் இல்லை.

நடந்தது இதுதான். ‘நாய்ஸ் கேட்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. இரைச்சலுக்குக் கதவு என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு குறித்த அளவுக்கு மேல் இருந்தால் கதவு திறக்கும்; அதற்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவேளையில் மின்விசிறியின் ஓசை உட்புகாதபடி காப்பது அதன் வேலை. ஆனால் தமிழ் பேசும்போது வாக்கியத்தின் இறுதியில் நம் குரல் இயல்பாகவே தாழ்கிறது. செய்யலாமா, செய்யலாகாதா என்று தீர்ப்பளிக்கும் வினைமுற்றும் அதே இறுதியில்தான் நிற்கிறது. ஆங்கிலத்திலும் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னரே வந்துவிடுகிறது. ஹிந்தியிலும் பெரும்பாலும் அவ்வாறே. நம் மொழியிலோ பொருள் வாலில் இருக்கிறது. கதவும் வாலைத்தான் நசுக்குகிறது.

தொல்லை அத்துடன் நிற்பதில்லை. ‘பாட்டு’, ‘காற்று’, ‘எட்டு’ போன்ற சொற்களின் இறுதியில் குற்றியலுகரம் இருக்கிறது. அரை மாத்திரை அளவே ஒலிக்கும் அந்த உகரத்தைக் கதவு கண்ணிமைக்குமுன் விழுங்கிவிடும். இனி, ‘பாடு’ என்பதற்கும் ‘பாட்டு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். இரட்டித்த டகரத்தை ஒலிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ சற்று மிகுதியோ, ஒலியே இல்லாமல் நிற்கிறது. அந்த மௌனமும் ஓர் எழுத்துத்தான். பேச்சின் நீளத்தைக் குறைப்பதற்காக ‘வெற்றிடங்களை’ நறுக்கித் தள்ளும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டின் அளவுகோலைச் சற்று மிகுதியாக முடுக்கிவிட்டால், அது இந்த மௌனத்தையும் கத்தரித்துவிடும். தொல்காப்பியரின் இலக்கணம் ஸ்டூடியோவில் எதற்குப் பயன்படும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

ஆதலால் நமது முறை ஒன்றே: இரைச்சலைப் பதிவில் ஏற்றிவிட்டுப் பிறகு கழுவிக்கொண்டிராமல், பிறக்கும் இடத்திலேயே தேடி அடக்குதல். மேற்சொன்ன கூடத்தில் குற்றவாளி ஏர்கண்டிஷனர். அதனை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் மீண்டும் பதிவு செய்தோம். கதவுக்கு வேலையே இருக்கவில்லை.

தேடுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். குரலின் அடியில் ‘ம்ம்ம்’ என்று வண்டு முரல்வது போன்ற ரீங்காரம் கேட்கிறது என்று கொள்வோம். நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் ஒலிக்கருவிக்குள் புகுந்ததன் அடையாளமே அந்த முரல்வு. கண்டதை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் குறை நீங்கியது என்பது விளங்காது. மறுநாள் அது திரும்பி வரும்போது மறுபடியும் இருட்டில் துழாவ நேரும். முதலில் மைக்ரோபோனின் வழியை மட்டும் அடைத்துப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் பழுது மைக்ரோபோனிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் அதற்கு அப்பால். இவ்வாறு பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே சென்றால் நாலைந்து சோதனையில் இடம் அகப்பட்டுவிடும்.

பெரும்பாலும் அகப்படுவது எது? கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும், ஒலிகலக்கும் கருவி அறையின் மறுகோடியில் வேறொரு பிளக்கிலும் செருகப்பட்டிருக்கும். இரண்டிற்கும் தனித்தனியே எர்த் இணைப்பு, நடுவே ஒலிக்கம்பி. இம்மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகி, அவ்வளையத்தில் மின்னோட்டம் சுற்றி வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெறச் செய்தால் பெரும்பாலும் தீரும். மைக்ரோபோனுக்கு மூன்று முனைக் கம்பியைப் பயன்படுத்துவதும் நன்று. அதில் இரண்டு இழைகள் ஒரே ஒலியை ஒன்றுக்கொன்று நேர்மாறாக ஏந்தி வருகின்றன. வழியில் புகுந்த இரைச்சலோ இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மடிந்து குரல் எஞ்சுகிறது. ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ரீங்காரம் நிற்கலாம், கருவியில் கசிவு ஏற்பட்டால், உலோக மைக்ரோபோனைத் தொடுபவரின் உயிரும் நின்றுவிடும். அதை ஒருபோதும் செய்யலாகாது.

அடுத்தது அறை. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில், பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்தரை நொடிவரை சுவர்களுக்கிடையே அலைந்துகொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் இக்குறையைத் தீர்க்கும் பணி வந்தது. அவர் இரவு நேரங்களில் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்! கட்டட ஒலியியலின் அடிப்படைக் கணக்கு அந்த உழைப்பில் பிறந்தது.

நமக்கு அத்தனை மெத்தை வேண்டியதில்லை. டில்லிக் குளிருக்கு வாங்கிய ரஜாய் இரண்டு போதும். வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் உள்ள வீட்டில், பேசுபவருக்குப் பின்னும் பக்கத்திலும் அவற்றைத் தொங்கவிட்டால் எதிரொலி வெகுவாக அடங்கும். சங்க விழாவிற்காகக் குழந்தைகளின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யும் பெற்றோர்கள், கூடத்தை விடுத்து, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே குழந்தையை நிறுத்தி ஒருமுறை முயன்று பார்க்கலாம். இதனால் அறைக்குள் எதிரொலி குறையுமேயன்றித் தெருவின் ஆரவாரம் குறையாது. அதற்குப் பின்னிரவுதான் மருந்து.

மைக்ரோபோனுக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும். மிக நெருங்கினால் பலவகை மைக்ரோபோன்களில் குரலின் கனத்த பகுதி வீங்கி, குடத்திற்குள் பேசுவது போலாகும். சொல் முதற் பகரம் காற்றோடு வந்து மோதி ‘டப்’பென்று வெடிக்கும். மைக்ரோபோனை உதட்டுக்கு நேரே பிடிக்காமல் சற்றே ஒதுக்கி வைத்தால் காற்று விலகிப் போய்விடும். ஒலி மட்டும் வந்து சேரும்.

இருவர் உரையாடும்போது வேறொரு விந்தை நிகழ்கிறது. ஒருவர் குரல் இரண்டு மைக்ரோபோனுக்கும் போய்ச் சேர்கிறது. ஒன்றிற்கு முந்தியும், மற்றொன்றிற்குப் பிந்தியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 34 செண்டிமீட்டர் தூர வேறுபாடு ஆயிரத்தில் ஒரு நொடித் தாமதத்தை உண்டாக்கும். இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, குரல் தகர டப்பாவில் இருந்து வருவதுபோல் மெலிந்துவிடும். வாய்க்கும் மைக்ரோபோனுக்கும் உள்ள தூரத்தைப்போல் மும்மடங்கு தூரத்தில் மற்ற மைக்ரோபோனை வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறைகிறது.

இனி, குரல் ஒன்றரை ஸ்வரஸ்தானம் உயர்ந்து, பெரியவரும் சிறுவர்போல் பேசினால், கருவியைக் குறைகூற வேண்டாம். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவானதை 48,000 என்று எண்ணி ஓட்டுகிறார்கள். கடிகாரமே சாட்சி: பத்து நிமிடப் பேச்சு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். எண்ணைத் திருத்தினால் போதும். மீண்டும் பேச வேண்டியதில்லை. ஒலியளவு உச்சவரம்பை மீறி நொறுங்கிய குரலோ அவ்வாறன்று. அதைச் சீர்படுத்த முயல்வதைவிட மறுபடி பேசுவது எளிது. வரம்புக்கு 12 டெசிபெல் கீழே உச்சங்கள் நிற்குமாறு முதலிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பதிவு முடிந்ததும், கை வைக்காத மூலத்தை ஒரு படி தனியே வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைத் தொடங்குக. நிறைவாக, எழுத்துப் பிரதியைப் பார்த்திராத தமிழர் ஒருவரை, சிறிய ரேடியோவிலோ கைப்பேசியிலோ அதைக் கேட்கச் செய்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தருமாறு வேண்டுகிறோம். எழுதியவரோ படித்தவரோ இச்சோதனைக்கு ஆகார். விடுபட்ட எழுத்தை அவர்கள் மனமே நிரப்பிவிடும். அண்டை வீட்டுப் பாட்டியம்மாள் ஒருவர் கிடைத்தால் மிக நன்று. அவர் ‘வேண்டாம்’ என்று எழுதினாரா என்று பாருங்கள்.