கையில் போட்ட ஊசி, நுரையீரலில் வந்த நோய்



திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்திருக்கும் உங்களில் அறுபதைத் தாண்டிய சிலர், உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற ஓர் ஊசியின் தழும்பைக் கையில் தாங்கியிருக்கலாம். 1968 முதல் 1971 வரை, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்தத் திருவள்ளூர்ப் பகுதியில்தான் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசியின் மாபெரும் ஆய்வு நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1999இல் முழு அறிக்கை வெளியானது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்றது அது. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால், பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும்.

பெரியவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? காசநோய்க் கிருமிக்கு உறவான, இங்குள்ள மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிகள், உடலை முன்பே பழக்கிவிட்டன என்பது வலுவான விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஊசி உருவாக்கிய டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தனவா?

டி செல் ரத்தத்தில் மிதந்து வருகிறது. எங்கே இறங்குவது என்று அதற்குச் சொல்பவை கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்கள். ஒவ்வொரு திசுவும் தனக்குரியதைச் சுரக்கிறது. அவற்றைப் பற்றும் ஏற்பிகள் டி செல்லின் மேற்பரப்பில் இருக்கின்றன. நிணநீர்க் கணு சிசிஎல்19, சிசிஎல்21 ஆகியவற்றைச் சுரக்கும். சிசிஆர்7 என்ற ஏற்பி உள்ள செல்லுக்கே அங்கே வழி. ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு வரும் செல்லின் ஏற்பியில் கீமோகைன் பட்டதும், அதன் மேலுள்ள பற்றுப் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கின்றன. செல் நின்று, இடுக்கு வழியாக உள்ளே நுழைகிறது. கணுவில் கிருமியை அடையாளம் கண்டு பெருகியபின், பல செல்கள் சிசிஆர்7ஐக் கைவிட்டு சிஎக்ஸ்சிஆர்3 போன்ற வேறு ஏற்பிகளை ஏற்றுக்கொள்கின்றன. பயிற்சி முடிந்தவர் பயிற்சி மையத்தின் அட்டையைக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலையின் கேட் பாஸை வாங்கிக்கொள்வதைப் போல. தோலை ஒட்டிய கணுவில் பயின்ற செல்லுக்குப் பெரும்பாலும் தோலுக்குப் போகும் ஏற்பிகளே கிடைக்கின்றன. பிசிஜியைத் தோலில் போடுகிறோம். நோயோ நுரையீரலில் வருகிறது.

2014இல் வெளியான எலி ஆய்வு ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. காசநோய் தொற்றிய நுரையீரலில், சிஎக்ஸ்சிஆர்3 உள்ள டி செல்கள் திசுவுக்குள் இறங்கின. சிஎக்ஸ்3சிஆர்1 உள்ளவை ரத்தக்குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. கிருமியை நன்றாகக் கட்டுப்படுத்தியவை உள்ளே இறங்கியவையே. 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதே பழைய பிசிஜியைக் குரங்குகளின் ரத்தநாளத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் திசுவில் டி செல்கள் நிறைந்தன. பத்துக் குரங்குகளில் ஒன்பது காப்பாற்றப்பட்டன. ஆறில் தொற்றின் தடமே இல்லை. தோலில் ஊசி பெற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மனிதர்களுக்கு அப்படியே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை, ரத்தநாளத்தில் உயிர்க்கிருமியைச் செலுத்துவது ஆபத்து. ஆனால் மருந்தை மாற்றாமல் வழியை மட்டும் மாற்றியதற்கே இவ்வளவு பலன் கிடைத்ததே!

கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களுக்கு இது வெறும் புத்தகச் செய்தி அல்ல. வார்ப்பட வேலையில் மணல் தூசியைச் சுவாசிப்பவருக்கு சிலிக்கோசிஸ் வந்தால், காசநோயும் வரும் ஆபத்து பல மடங்கு கூடும். தூசியை விழுங்கும் நுரையீரல் செல்களை சிலிக்கா சிதைக்கிறது. கிருமி நுழைந்ததும் கீமோகைனைச் சுரந்து டி செல்லை அழைக்க வேண்டியவற்றுள் அந்தச் செல்களும் உண்டு. ஆகவே புதிய தடுப்பூசி எதையும் இந்த மாவட்டத்தில் சோதிக்கும்போது, ரத்தத்தில் எத்தனை டி செல் என்று எண்ணுவதோடு ஆய்வாளர்கள் நிறுத்தக்கூடாது. இணங்குகிறவர்களின் நுரையீரல் கழுவுநீரையும் எடுத்து, அங்கே என்ன ஏற்பியோடு எந்தச் செல் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் தூசியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உட்பட, இடம் வேண்டும்.