சுரபுன்னைக் காட்டில் ஒரு படகுப் பயணம்

(குழித்துறையில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த தங்களிடம் வள்ளம் ஏறுவதைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பது போன்றதே. ஆயினும், துடுப்பைத் தொட்டறியாத நான் பிச்சாவரத்தில் ஒரு காலைப் பொழுதிலே கண்டதைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்தது அந்தச் சதுப்புக் காடு. நம் மாவட்டத்துச் சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளைப் போலவே அதுவும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

புதியவர்கள் மிதவைச் சட்டை அணிந்து, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, படகின் நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். நான் ஓரத்தை மிதித்தேன், படகு சாய்ந்தது, வேட்டி நனைந்தது. படகோட்டி சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. உள்ளே போனதும் எழுந்து நிற்கலாகாது, கிளைகளைப் பற்றலாகாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. குறுகிய கால்வாய்களில் துடுப்பின் ஓசையன்றி வேறொன்றும் கேளாது. சத்தமிட்டால் கொக்கும் நாரையும் பறந்துவிடும்.

அக்காடு முழுவதும் இயற்கையாகவே தழைத்து நிற்பதென்று எண்ணினேன். அது தவறு. முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கியது, வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. நெல்வயலில் வடிகால் அடைபட்டால் என்ன நேரும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் கூடி ஒரு தலைவாய்க்காலையும், அதன் இருபுறமும் மீன்முள் போலக் கிளைவாய்க்கால்களையும் வெட்டினார்கள். ஓதநீர் தாராளமாக ஏறி இறங்கிற்று, உப்பு கழுவுண்டது, கன்றுகள் வேர்பிடித்தன. 2004-ஆம் ஆண்டு சுனாமியின்போது, காட்டுக்குப் பின்புறமிருந்த சிற்றூர்களுக்குச் சேதம் குறைவாகவே இருந்தது.

நம் பக்கத்து ஏ.வி.எம். கால்வாயைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய நீர்வழி அது. வள்ளம் போவதற்கென வெட்டிய அதன் பல பகுதிகள் இன்று தூர்ந்து கிடக்கின்றன. உல்லாசப் படகு விட வேண்டுமென்று உறுப்பினர்கள் சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். விருப்பம் நல்லதே. ஆனால், நீர் ஓடாத இடத்தில் படகு எப்படி ஓடும்?

அடுத்த கூட்டத்துக்கு முன்பாக அவரவர் ஊர் எல்லைக்குள் உள்ள வாய்க்கால்களின் கரையோடு நடந்து பாருங்கள். எங்கெங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே குப்பை கொட்டப்படுகிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்பதைக் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பை முன்வைத்தே படகு மனுவையும் அன்று எடுத்துக்கொள்வோம்.