வெள்ளம் வடிந்த வீட்டில்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பங்கின் வரலாற்றையும் கோவில் எழும்பிய கதையையும் சொல்லத் தகுதியுள்ள பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டதோ வேறு. 2023-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூழ்கிய எங்கள் வீட்டை எப்படிச் சுத்தம் செய்து மீட்டோம் என்று சொல்லச் சொன்னார்கள். உங்களில் பலர் எங்களைவிட அதிகம் இழந்தவர்கள். ஆகவே பெருமைக்காகப் பேசவில்லை. நாங்கள் செய்த தவறுகளை நம் பிள்ளைகள் மறுபடி செய்யாதிருக்கவே பேசுகிறோம்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடம் முழுவதும் நம் பக்கம் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி ஒருபுறம், உடைந்த குளங்கள் மறுபுறம். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்தது.

எங்கள் வீட்டு நிலைக்கதவில் ஓர் ஆணி உண்டு. 1992 நவம்பர் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு அப்பா அடித்து வைத்தது. முழங்கால் அளவு இருக்கும். அந்த ஆணியை நம்பி, பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டியை அதற்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு, அம்மாவை எதிர்வீட்டு மாடிக்கு அழைத்துக்கொண்டு போனோம். இம்முறை தண்ணீர் நெஞ்சளவு ஏறியது. பழைய வெள்ளத்தின் அளவை எல்லை என்று எண்ணியது எங்கள் முதல் தவறு.

மூன்றாம் நாள் திரும்பினோம். மின்வாரிய ஊழியர் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே வாசற்படி மிதித்தோம். கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை. தம்பி உதைக்கப் போனான். பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணாச்சி தடுத்தார். ஈரச் சுவரில் நிலை அசைந்தால் சுவரே சாயும் என்றார். பின்புறம் ஓடு பிரித்து உள்ளே இறங்கினோம்.

தார்சாவில் ஒரு சாண் சேறு. பீரோ குப்புற விழுந்திருந்தது. பரணில் ஒரு தண்ணீர்ப் பாம்பு. அதற்குப் பின் எதையும் கம்பால் தட்டிப் பார்க்காமல் தொடவில்லை.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தவர்கள் வீட்டில் அது செங்கல்லாக இறுகிவிட்டது. முதலில் மண்வெட்டியும் சட்டியும், பிறகு வாரியல், கடைசியில்தான் தண்ணீர். மேலிருந்து கீழாகச் சுவரைக் கழுவி, பின்கட்டிலிருந்து வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தோம். காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்கிய எங்கள் மச்சானுக்குக் காயம் பட்டது. நர்ஸம்மா தடுப்பூசி போட்டு, எலிக்காய்ச்சல் பற்றி எச்சரித்துவிட்டுப் போனார்.

அரிசி, பருப்பு, கருப்பட்டி எல்லாவற்றையும் கொட்டினோம். பித்தளையும் எவர்சில்வரும் புளியும் கொதிநீரும் கண்டு மீண்டன. இலவம்பஞ்சு மெத்தை மீளாது. ஆனால் அது அப்பா கடைசி இரண்டு வருடம் படுத்திருந்த மெத்தை. அம்மா விடமாட்டேன் என்றார்கள். நாங்கள் பொறுமையிழந்து, அவர்கள் கண்முன்னே அதை இழுத்துத் தெருவில் எறிந்தோம். அன்று அம்மா சாப்பிடவில்லை. எறிந்தது சரி. எறிந்த விதம் தவறு. மறுநாள் எங்கள் அக்காள் குப்பையிலிருந்து மெத்தை உறையில் ஒரு முழம் கிழித்து, சோப்புப் போட்டு வேகவைத்து, உலர்த்தி அம்மா கையில் கொடுத்தாள். அதன் பிறகே அம்மா எங்களோடு பேசினார்கள்.

அவசரத்தால் இன்னொன்றையும் இழந்தோம். அப்பா அம்மா கலியாணப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. வெயிலில் வைத்து உரித்தோம். அப்பாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. நனைந்த படத்தைக் காயவிடாமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லப் பிரித்து, நிழலில் உலர்த்த வேண்டுமாம். பிறகு ஸ்டுடியோக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டோம். பத்திரங்களை மட்டும் அவ்வாறே தாளுக்குத் தாள் இடைவெளி விட்டு நிழலில் காயவைத்துக் காப்பாற்றினோம்.

கிணற்றைச் சேறு போக இரண்டு முறை இறைத்தோம். பிறகு சுகாதார ஆய்வாளர் கணக்குச் சொல்லித்தந்தார். கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, வருவதை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அளவெல்லாம் மீட்டரில் இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றுக்குச் சுமார் 31 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறக்கி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். அப்படியும் குடிக்கும் தண்ணீரை மாதக்கணக்கில் கொதிக்கவைத்தே குடித்தோம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் குடில் இல்லை, அடுப்பும் இல்லை. பள்ளிவாசல் தெருப் பையன்கள் கொண்டுவந்த சோற்றைத்தான் சாப்பிட்டோம். அந்தக் கடனை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசு கொடுத்த 6,000 ரூபாய் மோட்டாருக்கும் வயரிங்குக்குமே சரியாயிற்று. பொங்கலுக்குள் வீடு பழையபடி தெரிய வேண்டும் என்ற ஆசையில் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். மார்ச் மாதத்துக்குள் தோல் உரிவதுபோல் உரிந்தது. உள்ளே குடித்த தண்ணீரைச் சுவர் வெளியே விட வேண்டாமா? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, கோடை முழுவதும் காயவிட்டு, வைகாசியில் வெறும் சுண்ணாம்பு அடித்தோம். அது நிற்கிறது.

இதற்கிடையில் வீட்டை விற்றுவிடலாம் என்று மூத்த அண்ணன் சொன்னார். அம்மாவைத் தூத்துக்குடிக்கு அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அம்மா கேட்டார்கள்: "தூத்துக்குடியிலயும் வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சே, அங்கன எந்த மேட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறிய?" எங்களிடம் பதில் இல்லை. வீடு விற்கப்படவில்லை. ஆனால் பழையபடியும் விடவில்லை. சுவிட்சுகளைத் தலைக்கு மேல் உயர்த்தினோம். பத்திரங்களுக்குக் கான்கிரீட் பரண் கட்டினோம். நகல்களைச் சென்னையில் இருக்கும் தங்கை வீட்டில் வைத்தோம். மழைக்காலத்தில் அம்மா இரவில் தனியாக இருப்பதில்லை என்பதும் முடிவாயிற்று.

அன்பர்களே, வீட்டைக் கழுவக் கைகள் வேண்டும். அவை எங்களுக்குக் கிடைத்தன. ஆனால் எதிர்வீட்டு மாடி இல்லாதிருந்தால், கழுவிய வீட்டில் அம்மா இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்த ஜூபிலியில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தெருவிலும் தனியாக வாழும் முதியவர்கள் யார், மாடியுள்ள வீடு எது, யார் யாரை அழைத்துப் போவது என்று ஐப்பசிக்கு முன்பே எழுதி வைப்போம். சாதி, மதம் பாராமல் எழுதுவோம்.

நிலைக்கதவில் இப்போது இரண்டு ஆணிகள் இருக்கின்றன. இரண்டாவதை அம்மாவே அடித்தார்கள். மூன்றாவதற்கும் மேலே இடம் இருக்கிறது என்பதை நாங்கள் மறக்கவில்லை.