கொல்லையில் கிடைத்த காசு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தங்கையின் பேரன் சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது எங்கள் வீடு. என் தந்தையார் அங்கேதான் பட்டு நெய்தார். நான் தறியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சரித்திரம் கற்பிக்கப் போனவன். வந்த பையன் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட கோலை எடுத்தான். அதன் அடியில் வட்டமான தட்டு ஒன்று இருந்தது. மேலே காதில் மாட்டிக்கொள்ளும் குழல்கள் இருந்தன. "தாத்தா, உங்கள் கொல்லையில் புதையல் தேடப் போகிறேன்" என்றான். நான் சிரித்துக்கொண்டே உத்தரவு கொடுத்தேன். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

அவன் கொண்டுவந்தது, மெட்டல் டிடெக்டர் என்று வழக்கில் வழங்கும் உலோகங்காட்டும் கருவி. பெரிய கோயில்களின் வாயிலில் நம்மைச் சோதிக்கிறார்களே, அதன் இனத்தைச் சேர்ந்ததுதான். தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்புகிறது. 1881ஆம் ஆண்டு, சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறதென்று தேட, தொலைபேசியை உருவாக்கிய கிரகாம் பெல் இத்தகைய கருவியைக் கொண்டு முயன்றார்; முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேடிய இக்கருவி, போர் முடிந்தபின் காசு தேடுவோர் கைக்கு வந்தது. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். இது உலோகம் இருப்பதைச் சொல்லுமேயன்றி, அது யாருடையது, எக்காலத்தது என்பதைச் சொல்லாது.

முதல் நாள் காலையில் கருவி ஓயாமல் கூவிற்று. துருப்பிடித்த ஆணிகள், உடைந்த அரிவாள் மூக்கு, தறியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டுகள், சோடாப் புட்டியின் மூடி என்று ஒரு முறம் நிறையக் குப்பை சேர்ந்தது. பிற்பகலில் பையன் ஓடிவந்தான். அவன் உள்ளங்கையில் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை மாகாணத்துக்கென வெளியிட்ட 20 காசு நாணயம் இருந்தது. 1808ஆம் ஆண்டு என்ற எண் தேய்ந்தும் தேயாமலும் தெரிந்தது. இங்கிலாந்தில் அடித்துக் கப்பலேற்றி அனுப்பிய காசு அது. இவ்வகைக் காசுகளைச் சுமந்து புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் அந்நாட்டுக் கரையோரத்திலேயே மூழ்கிப்போயிற்று. மூழ்காமல் வந்து சேர்ந்த கப்பல் ஒன்றின் காசு எங்கள் கொல்லையில் கிடக்கிறது! "எந்த இடத்தில் எடுத்தாய்? எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன். அவன் திகைத்து நின்றான். கொல்லை முழுவதும் சிறு சிறு குழிகள். எதிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. என் சிரிப்பு மறைந்தது அப்போதுதான்.

காஞ்சியின் மண் சாதாரண மண் அன்று. 1969 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இந்நகரில் அகழ்ந்தபோது, உரோமரோடு நாம் வாணிகம் செய்த காலத்து மட்கலத் துண்டுகள் வெளிப்பட்டன. அதற்குப்பின் பல்லவர், சோழர், விஜயநகரத்தார், ஆர்க்காட்டு நவாபு, கும்பினியார் என்று ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். ஒவ்வொருவர் காசும் இவ்வூர்க் கடைவீதியில் புரண்டது. போர்களும் குறைவில்லை. இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள புள்ளலூரில், 1780 செப்டம்பரில் ஹைதர் அலியின் படை கும்பினிப் படையை முறியடித்தது. வங்கிகள் இல்லாத அந்நாளில், படை வருகிறது என்ற செய்தி கேட்டவர்கள் எங்கே வைப்பார்கள்? கலயத்தில் இட்டு மண்ணில்தான் புதைப்பார்கள். தெய்வத்துக்கும் அதே அச்சம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரதராசப் பெருமாளின் திருமேனியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்து, 1710ஆம் ஆண்டில்தான் திரும்ப எழுந்தருளச் செய்தார்கள். புதைத்தவர்களில் திரும்பி வந்தோர் எடுத்துக்கொண்டார்கள். திரும்பாதவர்களுடைய பொருள் மண்ணிலேயே இருக்கிறது. ஆகவே புதையல் என்பது அதிர்ஷ்டத்தின் பெயர் அன்று. யாரோ ஒருவர் திரும்பி வரவில்லை என்பதன் பெயர்.

இதைப் பையனுக்குச் சொல்லும்போது, இத்தனை காலம் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்ல நேர்ந்தது. 1961ஆம் ஆண்டு என் தந்தையார் இரண்டாவது தறி போட எண்ணி, பின்கட்டில் குழி தோண்டினார். குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டுமல்லவா? இடுப்பளவு தோண்டியபோது கடப்பாரை ஒரு மண்கலயத்தில் பட்டது. கலயம் உடைந்து, பச்சை நிறமேறிய செப்புக்காசுகள் சரிந்தன. எனக்கு அப்போது வயது 10; நான்தான் அவற்றை அள்ளிக் கழுவினேன். ஏறத்தாழ இரண்டு சேர் எடை இருக்கும். பொன்னாக இல்லையே என்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். அந்த மாதம் பாவுக்குப் பட்டு வாங்கப் பணமில்லை, அரிசிக்கும் கடன். மறுநாள் தெருவில் வந்த பாத்திர வியாபாரி காசுகளை எடைபோட்டு எடுத்துக்கொண்டு, ஒரு பித்தளைச் செம்பும் கொஞ்சம் சில்லறையும் கொடுத்தார். காசுகள் உலைக்குப் போயின. என் தந்தையாரை நான் குறை கூறமாட்டேன். பசித்த வீட்டுக்குச் செம்பு பயன்பட்டது. ஆனால் எழுத்தறிந்த பிள்ளையாகிய நான் ஒரே ஒரு காசையாவது எடுத்து வைத்திருக்கலாம். அதில் என்ன பொறித்திருந்தது என்றாவது பார்த்திருக்கலாம். பிற்காலத்தில் வகுப்பில் நின்று சோழர் நாணயங்களைப்பற்றிப் பாடம் சொன்னபோதெல்லாம் அந்தக் கலயம் என் கண்முன் வந்து உடையும். அந்தச் செம்பு இன்றும் எங்கள் வீட்டில் தண்ணீர் முகக்கப் பயன்படுகிறது.

இழந்தது செம்பின் விலை அன்று என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில், ஆலங்குடியை அடுத்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவை சிதறிப் போகுமுன் அறிஞர் கைக்கு வந்தன. எண்ணி, வகைபிரித்து எழுதிவைத்தார்கள். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமேல் வேண்டுமென்றே உளியால் வெட்டியிருப்பதைக் கண்டார்கள். காலத்தால் கடைசியானவை வெஸ்பாசியன் என்னும் பேரரசருடையவை. ஆகவே கி.பி. 69ஆம் ஆண்டுக்குப் பிறகே இப்புதையலைப் புதைத்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. இங்கே அக்காசுகளை நாணயமாக மதிக்காமல் பொன்னாகவே எடைபோட்டிருக்கலாம் என்ற ஆராய்ச்சிக்கும் இடம் பிறந்தது. அந்தக் காசுகளில் ஒன்று மட்டும் நகைக் கடையில் கிடைத்திருந்தால், யாரோ கெடுத்த காசு என்று ஒதுக்கியிருப்போம். 501ம் ஒரே கலயத்தில் இருந்தன என்ற அந்தச் செய்தியே சரித்திரம். காசு சொல், கிடந்த இடம் வாக்கியம். சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்தால் பொருள் விளங்காது.

மறைத்து எடுப்பதால் வரும் கேடு இதனினும் பெரிது. 1976ஆம் ஆண்டு தஞ்சைத் தரணியில் பத்தூர் என்ற சிற்றூரில், இடிந்த கோயிலருகே மண் தோண்டிய தொழிலாளி ஒருவரின் கருவியில் நடராசர் திருமேனி தட்டுப்பட்டது. செய்தி அரசுக்குப் போகவில்லை, தரகர்களுக்குப் போயிற்று. திருமேனி கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தது. அங்கே காவல் துறை கைப்பற்றியபின் நீண்ட வழக்கு நடந்தது. அது பத்தூர் மண்ணிலிருந்து வந்ததுதான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது; அதே இடத்தில் பின்னர்க் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கடைசியில், பூசையற்றுக் கிடந்த அந்தக் கோயிலுக்கே உரிமை உண்டு என்று ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991ஆம் ஆண்டு நடராசர் திரும்பி வந்தார். எடுத்த அன்றே உரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 15 ஆண்டுக் காலப் போராட்டம் நேர்ந்திராது.

அண்மையில் நடந்தவற்றையும் கூறலாம். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவில் ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அதே ஆண்டு டிசம்பரில், குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற நம் மாவட்டத்து உத்திரமேரூரில், குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொன் வெளிப்பட்டது. எங்கள் சுவாமியின் பொன்னை மீண்டும் அங்கேயே வைப்போம் என்று ஊரார் முதலில் கொடுக்க மறுத்தார்கள். பிறகு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் மனத்திலிருந்தது பேராசை அன்று, பற்று. நம் கைலாசநாதர் கோயில் தூணில், காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன் அக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராமல் கோயிலுக்கே விட்டான் என்று கன்னட எழுத்தில் பொறித்திருக்கிறது. பகைவனே மதித்த பொருளை ஊரார் காக்க விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும் எண்ணிப் பதிவு செய்தபின்னரே காவலும் உறுதிப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்பவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதைத்தவருக்கு உரியவர் எவரும் இல்லையென்று தீர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் உண்டு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சொன்னவனுக்குப் பங்கு, மறைத்தவனுக்குத் தண்டனை என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் 1997 முதல், கருவி கொண்டு தேடுவோர் தாம் கண்ட எளிய பொருள்களையும் தாமாக முன்வந்து பதிவு செய்ய ஏற்பாடு உண்டு. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிந்திருக்கிறார்கள். கருவி அங்கும் இங்கும் ஒன்றே. பதிவுப் புத்தகம் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

நான் பேசி முடித்ததும் பையன் தோண்டிய குழிகளையெல்லாம் தானே மூடினான். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கொல்லைக்கும் பின்கட்டுக்கும் படம் வரைந்தான். கிணற்றிலிருந்து அளந்து கட்டங்கள் போட்டான். பிறகு, எப்போதோ தூர்த்துவிட்ட அந்தத் தறிக்குழியின் மேல் கருவியை நகர்த்தினான். குழியின் விளிம்பில் ஒலி எழுந்தது. இம்முறை அவன் மண்ணைப் பிடுங்கவில்லை. கைக்கரண்டியால் மெல்ல அகற்றி, ஒரு சாண் ஆழத்தில் கண்டதை முதலில் அளந்து எழுதினான். அதன்பின்தான் என்னைக் கூப்பிட்டான். அது ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவமும் அதனருகே நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும். சோழநாட்டிலும் ஈழத்திலும் ஏராளமாய்க் கிடைக்கும் எளிய காசுதான். என் கை நடுங்கிற்று.

"தாத்தா, அன்றைக்குக் கலயத்தில் இருந்தவை எல்லாம் இந்தக் காசுதானா?" என்று கேட்டான். நான் ஆம் என்று சொல்ல ஆசைப்பட்டேன். ஆனால் சரித்திரம் கற்பித்தவன் அப்படிச் சொல்லலாகாது. கலயத்திலிருந்து சிதறியதாக இருக்கலாம்; குழியைத் தூர்க்கக் கொண்டுவந்த மண்ணோடு வேறெங்கிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். மற்றவற்றில் ஒன்று நம்மிடம் இருந்திருந்தால் ஒப்பிட்டுச் சொல்லியிருப்பேன். "தெரியாது அப்பா. தெரிந்துகொள்ளக்கூடிய நாளில் நான் பார்க்கவில்லை" என்றேன். அதையும் அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அதோடு தேடலை நிறுத்தினோம். இரண்டு காசுகளையும்பற்றி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதி, பையன் வரைந்த படத்தின் பிரதியையும் இணைத்தேன். கும்பினிக் காசுக்கு நேரே 'இடம் தெரியவில்லை' என்றும், சோழக் காசுக்கு நேரே கிணற்றிலிருந்து தூரமும் ஆழமும் குறிப்பிட்டோம்.

காஞ்சியிலும் பிற ஊர்களிலும் வீடு கட்டவும் கிணறு தூர் வாரவும் நாள்தோறும் மண்ணைத் தோண்டுகிறோம். கருவி இல்லாமலே பழம்பொருள் கைக்கு வரும். வந்தால், தேய்க்காதீர்கள், உருக்காதீர்கள், இடத்தை அளந்து எழுதுங்கள், உரியவருக்கு அறிவியுங்கள். ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும். 1961ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் அவை இரண்டும் என் புத்தகப் பையிலேயே இருந்தன.