நடத்தையும் ஒரு மொழியே

சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்ப்பதற்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மைய அரசு 1974 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தை 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறுவதை, 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாக்கியது. ஆயினும், பதிவேட்டில் பெயர் ஏறிய குழந்தை வகுப்பில் நிலைத்திருக்கச் சட்டம் மட்டும் போதாது. அடிப்பதும், பொருள்களை எறிவதும், கூச்சலிடுவதும் காரணமாகக் காட்டப்பட்டுக் குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படுமானால், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

இத்தகைய நடத்தையை வெறும் பிடிவாதம் எனக் கொள்வது பிழை. பேச்சு கைவராத குழந்தைக்கு நடத்தையே மொழியாகிறது. பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளை அடைதல், கடினமான வேலையிலிருந்து தப்புதல், இரைச்சலைத் தாங்க இயலாமை, சொல்லத் தெரியாத பல்வலி அல்லது காதுவலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதன் பின்னணியில் இருக்கக்கூடும்.

கணக்குப் பாடம் தொடங்கியதும் மேசையை ஓங்கித் தட்டும் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆசிரியர் அவனை வெளியே அனுப்புகிறார். அவர் தண்டனை எனக் கருதுவது அவனுக்குப் பரிசாகிவிடுகிறது, மறுநாளும் தட்டுகிறான். எனவே, நடத்தைக்கு முன் நிகழ்ந்தது, நடத்தை, பின் நிகழ்ந்தது என மூன்று பத்திகளில் ஓரிரு வாரம் குறித்துவருதல் முதற்படியாகும். காரணம் புலப்பட்டபின், பத்துக் கணக்குகளுக்குப் பதிலாக இரண்டு கொடுக்கலாம். ஓய்வு வேண்டும்போது காட்டுவதற்குப் பட அட்டை ஒன்றைப் பழக்கலாம். அட்டையைக் காட்டியவுடன் ஓய்வு கிடைக்க வேண்டும், தட்டினால் கிடைக்கலாகாது. தொடக்கத்தில் சில நாள் தட்டுதல் மிகுவதுண்டு. அப்போது ஆசிரியர் தளர்ந்து இணங்கினால், மேலும் ஓங்கித் தட்ட வேண்டும் என்பதையே சிறுவன் கற்பான். தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் நடத்தையாயின், பாதுகாப்பே முதற்கடமை.

உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது. தடையோடு மாற்று வழியும் ஆசிரியருக்குக் கற்பிக்கப்பட வேண்டும். அதற்கான பயிற்சியும், சிறப்பாசிரியரின் முறையான வருகையும், பெற்றோருடன் கலந்தாய்வும் நிர்வாகத்தின் பொறுப்பாகும். ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி, எத்தனை குழந்தைகள் சேர்ந்தனர் என்று கேட்பதோடு அமையாமல், எத்தனை பேர் மாலை மணி அடிக்கும்வரை வகுப்பில் இருக்கின்றனர் என்றும் கேட்பாராயின், திட்டத்தின் உண்மையான பயன் விளங்கும்.